ரிப்பீட் அக்காவின் மகள்

"அவளா? ஏதோ இருக்கா. எப்பப் பாரு சளி, இருமல்" என்றபடி ரத்தம் எடுத்த குழாய்களை இயந்திரத்தில் அடுக்குகிறார் ரிப்பீட் அக்கா. கேட்டவள் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அக்காவின் மகள் நீச்சல் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாளாமே என்று ஆசையாகத்தான் விசாரித்தாள். அந்த மகளுக்குக் கடைசியாகச் சளி பிடித்து வெகுநாளாகிறது என்பது அங்கே புதியவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு முடிவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், டாக்டரே அவசரம் என்று பக்கத்தில் வந்து நின்றாலும், "ரிப்பீட் போடு" என்று மறுபடி சோதிக்கத்தான் சொல்வார். "இன்னைக்கு வேலை கம்மி" என்று அந்தக் கூடத்தில் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். சொன்னால் கூட்டம் குவிந்துவிடுமாம். யாராவது வாய்தவறிச் சொல்லி, மற்றவர்கள் பதறினால் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்காது. "ஒரே ஒரு சாம்பிள வச்சு யாராவது முடிவு சொல்வாங்களா? படிச்சவங்கதானே நீங்க?"

வீட்டுக்கு வந்தால் அந்தப் படிப்பெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, "என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா என்னன்னே தெரியாது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே உடம்பு அனலாய்க் கொதித்து, குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதை நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். காய்ச்சல் கிருமியால் வந்தது; அந்த ரத்தத்தைச் சோதித்தவரே அவர்தான். ஆனாலும் அதற்குப் பிறகு மகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. தப்பித்தவறி "நல்லா" என்று ஆரம்பித்துவிட்டால், "நல்லா தூங்குவா" என்று முடித்துவிடுவார்.

பெருமையை எவ்வளவு நேரம்தான் பொத்திவைக்க முடியும்? நீச்சல் ஆசிரியை மகளைப் புகழ்ந்தால் பேச்சை வெயிலுக்கும் மழைக்கும் திருப்பிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வழிநெடுக இளித்துக்கொண்டு வருவார்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. போட்டியன்று நீச்சல்குளத்தின் வாசலில் அம்மாவை மறித்துக்கொண்டு, நான் எப்படி நீந்துவேன் என்று சொல் என்றாள். முதலில் நீந்திவிட்டு வா, பிறகு சொல்கிறேன் என்று அக்கா நழுவப் பார்த்தார்.

"அப்புறம் எல்லாரும்தான் சொல்வாங்க. நீ சொல்லி நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லம்மா. நான் உனக்குப் பத்தலையோன்னு தோணுது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று மூடிய வாய் அது. அதுவே குழந்தையை இப்படி வாட்டியிருக்கிறது. காய்ச்சல் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்கு மட்டும் நீ ரிப்பீட் போடவே இல்லையேம்மா."

உள்ளே பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் இறங்கப்போகிற பிள்ளையிடம் நல்ல வார்த்தையா, அதுவும் இறங்குவதற்கு முன்னால்!

"நீ ரொம்ப நல்லா நீந்துற. உன்ன நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு."

மகள் கன்னத்தை அம்மாவின் தோளில் ஒருமுறை தேய்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மேலே பார்வையாளர் படிக்கட்டில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கள் பெண் யார் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். வேறு நாளாக இருந்தால், அங்கே எங்கேயோ நிற்கிறாள் என்று மழுப்பியிருப்பார். இன்று எழுந்து நின்று கையை நீட்டினார்.

"அதோ, நீலத் தொப்பி. என் பொண்ணு."

விசில் ஊதினார்கள். நீலத் தொப்பி தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆனாலும் நீட்டிய விரலை அவர் கடைசிவரை மடக்கவில்லை.