சாவிக்காரர் வீட்டுச் சாவி

சாவிக்காரர் தன் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பாதிப் படி இறங்குகிறார். திரும்பி ஏறி வந்து இன்னொரு தரம் இழுக்கிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "டேய், பூட்டு கழண்டு கையோட வரப் போகுது. போய்த் தொலை!"

குரலுக்குச் சொந்தக்காரர் அவருடைய அக்கா. பக்கவாதம் அந்த அம்மாளின் இடது கையையும் காலையும் முடக்கிவிட்டது. வாய்ப்பக்கம் போகப் பயந்திருக்க வேண்டும். கட்டிலில் இருக்கும் அக்காவைத் தனியே விட்டுப் போகும்போது எவனாவது உள்ளே நுழைந்துவிடுவானோ என்பது தம்பியின் கவலை. பூட்டு எவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று தெரிந்தவர் அல்லவா, எந்தப் பூட்டையும் நம்ப மாட்டார்.

தெருமுனையில் அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. சாவி வெட்டுவதுதான் தொழில். பாதிச் சாவி வெட்டியிருப்பார், அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஞாபகம் வந்துவிடும். 'இதோ வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு ஓடுவார். அந்தப் பலகையின் கீழ் நின்றே சிநேகிதர்களானவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில், "கொஞ்ச நேரம் நாங்க பார்த்துக்கறோமே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "வேற ஆள் கையால குடுத்தா அக்காவுக்கு இறங்காது சார்" என்பார். அக்காவைக் கேட்டால் கதை வேறு. "இவன் சமையலைத் தின்னு நாக்கே செத்துப் போச்சு. வேற யார் குடுத்தாலும் எனக்கு தேவாமிர்தம்தான்."

சனிக்கிழமைகளில் மருந்துக்கடை மாடி அறையில், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடுகிறோம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலி எங்கே இரவல் கிடைக்கும், யார் வீட்டில் யார் போய் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்றெல்லாம் பேச்சு ஓடும். நான் என் மாமனாருக்காகப் போகிறேன். சாவிக்காரர் பூட்டுக்காக வருகிறார்.

அந்த அறையின் பூட்டு ஒருமுறை சிக்கிக்கொண்டது உண்மை. கூப்பிட்டதும் வந்து கண்மூடித் திறப்பதற்குள் சரிசெய்துவிட்டார். ஆனால் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். "இன்னும் சரியா உக்காரல" என்று ஸ்க்ரூ டிரைவரோடு வாசலோரம் குந்திக்கொண்டு, பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போவார். உட்காராதது பூட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்வதில்லை.

போன வாரம் நர்ஸம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "உங்களுக்கு யாருங்க ஒத்தாசை?"

"எனக்கெதுக்கும்மா? நோயாளியைப் பார்த்துக்கறவங்கன்னா நீங்கள்லாம். நான் வெறும் தம்பிதானே." சிரித்துக்கொண்டே மேலும் சொன்னார்: "முந்தாநாள் கடையில தலை சுத்தி விழுந்துட்டேன். ஒரு சோடா குடிச்சேன், சரியாப் போச்சு."

நர்ஸம்மா விடவில்லை. "எந்திரிக்காமலே போயிருந்தா? அக்கா கதவை யார் திறந்திருப்பா? இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?"

ஊருக்கெல்லாம் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்தவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்கு உள்ளது ஒரே சாவி; அதுவும் அவர் இடுப்பில். பூட்டிய கதவுக்குப் பின்னால் அக்கா கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருப்பார்.

இன்று காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பளபளவென்று புதுச் சாவி. நீட்டினார். நான் வாங்கப் போனதும் இழுத்துக்கொண்டார். "முனை கொஞ்சம் கரகரங்குது சார்." அரத்தால் ராவினார், ஊதினார், என்னையும் கூட்டிக்கொண்டு எதிரே போய்த் தன் வீட்டுப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நீட்டி, மறுபடி ராவினார்.

"குடுத்துத் தொலைடா!" உள்ளேயிருந்து அக்கா. "எதிர்வீட்டு டீயை ஒருநாளாவது குடிச்சுப் பார்க்கறேன்!"

சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக அவரே மடக்கினார். பிறகு வீட்டைப் பூட்டினார். இழுத்துப் பார்க்கக் கை போனது, பாதியில் நின்றது. அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.