பால்கோரி வீட்டு ஆண்கள்

பிறந்த நாளிலிருந்து என் தம்பியை ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டேன். நினைவு மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று அவருடைய ஒரே மகன், என் மருமகன் குமரன் சொல்லிவிட்டான். சரி, ‘அவர்’ என்றே எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருந்தால், அக்காவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

தம்பி மலாயாவில், பேராக் பக்கம், பால்கோரி என்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். நான் மூத்தவள், அவர் நடு, இப்போது ஈப்போவில் இருக்கும் சின்னத்தம்பி கடைசி. எங்கள் அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அப்பாவைப் பெற்ற பாட்டி பால்மரம் வெட்டியவர். பாட்டியோடு இருந்தவர் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. தாலி கிடையாது. பாட்டி வயிற்றில் அப்பா இருக்கும்போதே, ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கப்பலேறியவர், வரவே இல்லை. இது நம் உறவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. தம்பியின் பூனைக்கண்ணையும் பனைமர உயரத்தையும் பார்த்து, அம்மா பக்கத்து ஜாடை என்று சொல்லிக்கொண்டீர்கள். எங்கள் அம்மா என் உயரம்தான். நான் அடுப்பு மேடையை எட்டவே பலகை போட்டு நிற்பவள்.

எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். காலையில் ஆபீசுக்கு நடந்து போனவர், தோட்ட எல்லையில் முனியாண்டி இருக்கும் மரத்தடியில் விழுந்து கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. முனி அடித்துவிட்டது என்று தோட்டமே பேசியது. அம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, தன் கையை நீட்டி, ஒவ்வொருவரையும் அதில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். யார் கேட்டாலும் அப்பா மலேரியாக் காய்ச்சலில் போனார் என்று சொல்ல வேண்டும். முனி அடித்த வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்? எனக்கு நடந்த கல்யாணமே அந்தக் காய்ச்சல் புண்ணியத்தில் நடந்ததுதான்.

அதற்குப் பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் தம்பிதான். தோட்டப் பள்ளியில் படித்து, ஈப்போவில் வாத்தியார் ஆனார். எனக்குச் சீர் செய்தார், சின்னத்தம்பியைப் படிக்கவைத்தார். மனைவியைச் சீக்கிரம் பறிகொடுத்து, குமரனைத் தாயும் தகப்பனுமாக வளர்த்தார். யார் மேலும் கை ஓங்காத வாத்தியார் என்று பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். கை ஓங்கப் பயம், அதுதான் உண்மை. தம்பி எல்லாவற்றுக்கும் பயப்படுவார். நாய், தண்ணீர், நகரும் படிக்கட்டு, மருமகளின் சமையல், எதையும் விட்டுவைத்ததில்லை.

குமரனுக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலை கிடைத்ததும் தம்பி வந்து சேர்ந்தார். என் மகள் மவுண்ட் வெல்லிங்டனில் இருந்ததால் எனக்கும் விசா கிடைத்தது. ஆனால் பாதி நாள் நான் லின்ஃபீல்டில், தம்பி வீட்டில்தான் இருப்பேன். அங்கே பின்பக்கம் ஓர் எலுமிச்சை மரம். வெள்ளிக்கிழமை மாலையானால் தம்பி, டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடையில் சுருட்டு வாங்கி, பற்றவைத்து, மரத்தடியில் முனிக்கு வைத்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் குமரனைக் கூப்பிட்டு, உன் அப்பா திருட்டுத்தனமாகப் புகைக்கிறார், கவனி என்று சொல்லியிருக்கிறார். நான் சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினேன். முனி கப்பலேறிப் பின்னாலேயே வந்துவிட்டது என்றுதான் தம்பி நம்பினார்.

மருமகள் உண்டாகியிருந்த நேரம், தம்பி நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போகத் தொடங்கினார். அங்கே தங்கள் பரம்பரையைத் தேடும் வயதானவர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. துரைமார்கள் தங்கள் ஊர் வீட்டின் பெயரைத்தான் தோட்டத்துக்கு வைப்பார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. பிறக்கப்போகிற பேரப்பிள்ளை நாளைக்கு யார் வம்சம் என்று கேட்டால், நாமாவது சொல்ல வேண்டாமா என்றார். தேடினார். பால்கோரி என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே மலையும் ஆறும் ஆடுமாக ஒரு பெரிய ஜமீன். அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் யார் என்று ஊர் உலகமெல்லாம் எழுதிக் கேட்டார். பதில், இங்கே மாசி என்று பெயருள்ள பேட்டையிலிருந்து வந்தது. அதே வீட்டில் பிறந்த ஜீன் என்ற அம்மாள், இதே ஆக்லாந்தில், காரில் போகிற தூரத்தில் இருந்தார்.

தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சொத்துக் கேட்டு வந்த கறுப்பர்கள் என்று நாயை அவிழ்த்துவிட்டால் நான் ஓட முடியாது, தம்பி ஓடிவிடுவார். ஆனால் ஜீன் அம்மாள் வாசலிலேயே தம்பியைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்துவந்து காட்டினார். செத்துப்போன அவருடைய அண்ணனாம். தம்பிக்குத் தலைமுடியைச் செம்பட்டையாக்கித் தோலைச் சுரண்டிவிட்டது போல இருந்தது. ஜீன் அம்மாளின் தாத்தாவும் எங்கள் துரையும் அண்ணன் தம்பி. நான் முறை போட்டுப் பார்த்தேன், எனக்கு அக்கா முறை வந்தது. தேத்தண்ணியில் சர்க்கரை போடாத அக்கா.

மேசை நிறைய வம்ச வரைபடத்தை விரித்தார். நம் ஆட்களாக இருந்தால் இவர் மகன் இவர், இவர் மகன் இவர் என்று பெயரைச் சொல்லிக்கொண்டு போவோம். அந்த அம்மாள் ஒவ்வொரு ஆணின் மேலும் விரலை வைத்து, எப்படிச் செத்தார் என்று சொன்னார். தம்பி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் வேட்டைக்குப் போன இடத்தில் விழுந்தார். இவர் தேவாலயத்தில், பாட்டின் நடுவில். இவர் குதிரையிலிருந்து விழுந்தார், விழுமுன்பே உயிர் இல்லை. எங்கள் துரையின் மேல் விரல் வந்தது. கப்பல் தட்டில் நடந்துகொண்டிருந்தவர் விழுந்தாராம், கடலிலேயே இறக்கிவிட்டார்களாம். சாகும்வரை பாட்டி திட்டிக்கொண்டிருந்த மனிதர் ஊருக்கே போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகும் ஜீன் அம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். தம்பி எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

“என்னடா சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா. அவங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் கிழவன் ஆனதில்லையாம்.”

அந்த அம்மாள் தம்பியின் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொன்னார். தம்பியின் கட்டைவிரல் நுனி சுண்டுவிரலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நானும் செய்தேன். என் விரல் உள்ளேயே பதுங்கிக்கொண்டது. தம்பியைக் கிள்ளி, மிச்சத்தையும் தமிழில் சொல்லவைத்தேன். இது முனியும் இல்லை, சாபமும் இல்லை, நீளக் கையும் நீள விரலுமாக இறங்கிவருகிற ஒரு நோய் என்றாராம். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் வெளியே தெரியாமல் வீங்கி, ஒரு நாள் கிழிந்துவிடும். அவருடைய தங்கை மகனுக்கு இங்கேயே கண்டுபிடித்து, அறுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. வாசலில் குமரன் பந்து விளையாடிவிட்டு, வியர்வையோடு, கதவு நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். அந்தக் குனிவைப் பார்த்து எத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவன் கைவிரல்களைத்தான் பார்த்தேன்.

கையைக் காட்டு என்று நேரே கேட்டால் ஏன் என்பான். அதனால், கட்டைவிரலை மடக்கி மூடு, பிறக்கப்போவது ஆணா பெண்ணா சொல்கிறேன் என்றேன். மருமகள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். குமரன் மூடினான். விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. “பொண்ணுதான்டா, உன் காசுக்கு வேட்டு” என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். திரும்பிப் பார்த்தால் தம்பி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்திருக்கிறார்.

பார்த்த மனிதர் மறுநாளே டாக்டரிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வெள்ளிக்கிழமை எலுமிச்சை மரத்தடியில் ஒன்றுக்கு இரண்டு சுருட்டு புகைந்தது. குமரன் வழக்கம்போல் பந்தாடப் போனான். கார் சத்தம் கேட்கும்வரை எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது. பொறுக்க முடியாமல் மரத்தடிக்கே போனேன்.

“சுருட்டு வெச்சது போதும்டா. நாளைக்கு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு.”

“அம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்கா. மருமக வயித்துப்பிள்ளக்காரி. அவங்க வீட்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

“மருமக தாலிய நினைச்சுப் பாரு முதல்ல. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உனக்கு முன்னால நான்தானே போகப்போறேன்?”

தம்பி சுருட்டை மிதித்து அணைத்தார்.

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர். குமரன் எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பழைய காகிதத்தைப் பார்த்து, தாத்தா காய்ச்சலில் இறந்ததாக இருக்கிறதே என்று கேட்டார். தம்பி மகன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“குமரா, உங்க தாத்தா காய்ச்சல்ல சாகல. என் கையப் பிடிச்சு நடந்துகிட்டிருந்தவரு, நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு அப்படியே விழுந்துட்டாரு. நான் பார்த்தேன். அங்க முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

தம்பி அப்போது அப்பாவோடு நடந்து போனார் என்பது எனக்கே தெரியாது. அத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சுருட்டு.

“ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?”

“பயம்தான்டா” என்றார் தம்பி. பிறகு ஆங்கிலத்தில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். குமரனுக்குக் குழாய் வீங்கியிருந்தது. தம்பிக்கு அதைவிட அதிகம். தம்பிக்குத்தான் முதலில் செய்ய வேண்டும் என்றார்கள். மகனுக்கு முதலில் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றார். ஊசிக்குக் கண்ணை மூடுகிறவர், அன்றைக்கு டாக்டர்களோடு சண்டை பிடித்ததைப் பார்க்க வேண்டுமே. குமரன் நெஞ்சைத் திறந்து குழாயை மாற்றி முடிக்கும்வரை, ஆஸ்பத்திரி நாற்காலியில் என் கையை விடவே இல்லை. எனக்கு விரல் மரத்துப்போனது. நானும் எடுக்கவில்லை.

குமரன் பிழைத்தான். சொன்னபடியே பெண் பிறந்தது. தம்பி தன் முறைக்குக் காத்திருந்தார். அதற்குள் ஒரு நாள், பேத்திக்குச் சட்டை வாங்க மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தெருவுக்குப் போனோம். பிள்ளை வளரும், பெரிதாக வாங்கு என்று நான் சொல்ல, இப்போது போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்ல, வாய்ச்சண்டை. “இருக்கா, கொஞ்சம் உட்காரேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் விழவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்தார், அவ்வளவுதான்.

தகவல் கேட்டதும் ஓடிவந்தவர்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் லின்ஃபீல்டிலிருந்தும் மாசியிலிருந்தும் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், மருமகளையும் குழந்தையையும் தாங்கிக்கொண்ட அவள் பெற்றோருக்கும் என் கும்பிடு. அவர்கள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. சேலை கட்டத் தெரியாமல் கறுப்புக் கோட்டோடு பெண்கள் பக்கம் நின்று அழுத ஜீன் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பியிருந்தால் இந்த மலரில் இரண்டு படம் இருந்திருக்கும்.

பேத்திக்கு இப்போது பார்த்துச் சொல்ல முடியாது, வளரட்டும் என்கிறார்கள். நான் அவள் கையைப் பார்ப்பதே இல்லை. பார்க்காமலிருக்க, முகத்தையே கொஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

சின்னத்தம்பி, இந்த மலர் ஈப்போவுக்கும் வரும். நீயும் அம்மா கையில் அடித்தவன்தான். உன் பையன்கள் இரண்டு பேரும் வாசலில் குனிந்து வருகிற உயரம், பள்ளியில் கைப்பந்துக்கு அவர்களை விட்டால் ஆளில்லை என்று போட்டோ அனுப்பினாய். அதை இங்கே யாருக்கும் காட்டாமல் தலையணை அடியில் வைத்திருக்கிறேன். நீயும் அவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பா எப்படிப் போனார் என்று டாக்டர் கேட்டால், நடந்துகொண்டிருந்தவர் விழுந்தார் என்று சொல். சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் போடு. மணி அடித்தால் யாரும் எடுக்க வேண்டாம், நான்தான் எடுப்பேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.