முதல் நாள் உருளைக்கிழங்கு

சின்யோரா முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வாயில் இருந்ததை அவசரமில்லாமல் ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, "இது அதில்லை" என்றார். கோபமாகவோ குறையாகவோ அல்ல, வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். மேசையின் மறுபக்கத்தில் மிலானிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் இருந்தார். நான் குசினி வாசலில் துவாயும் கையுமாக நின்றேன். சின்யோரா பேசியது இத்தாலியன்தான். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அதைத் திருத்தும் எண்ணம் எனக்கில்லை.

சின்யோரா, அதாவது அம்மணி, என்று நான் கூப்பிடும் அவர் சுவீடன்காரி. இளவயதில் சிசிலியின் பலெர்மோ நகரத்து இன்ஜினியர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, வியா மக்வேதாவிலிருந்து பிரியும் ஒடுங்கிய தெருவொன்றின் மூன்றாம் மாடியில் குடியேறியவர். கணவர் இறந்த பிறகு, தாயைப் பார்த்துக்கொள்ள மகள் என்னை வேலைக்கு வைத்தார். காலையில் நாங்கள் குடியிருக்கும் ஒரேத்தோவிலிருந்து பஸ்ஸில் வருவேன். இரவுச் சாப்பாடு கொடுத்து, காஸ் குழாயை மூடிவிட்டுத் திரும்புவேன். ஊரில் ஒரு தேத்தண்ணிகூட ஊற்றியறியாத நான் இங்கே வந்து சமையல்காரன் ஆனேன். பலெர்மோவில் எங்கள் ஆண்களில் பலருடைய கதை அதுதான்.

வாரத்தில் ஒருநாள் அவருக்குப் பித்திபன்னா என்ற சுவீடன் சாப்பாடு வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகள் தாச்சியில் கிடப்பது என்று அதற்கு அர்த்தமாம். முதல் நாள் அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கு, சாப்பிட்டு மிஞ்சிய இறைச்சி, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி, இரும்புத் தாச்சியில் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். மேலே ஒரு முட்டைப் பொரியல், பக்கத்தில் வினாகிரியில் ஊறிய பீற்றூட். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் இதே பண்டம் வேறு பெயரில் இருக்கிறது, ஒவ்வொருவரும் தங்களுடையதுதான் திறம் என்பார்கள் என்று சின்யோரா சிரிப்பார். இங்கிலீசுக்காரர் மிஞ்சிய கிழங்கோடு கோவா என்கிற முட்டைக்கோஸைச் சேர்த்துப் பொரிப்பார்களாம். பக்கத்து வீட்டுப் பலெர்மோக்காரி முதல் நாள் பாஸ்தாவை முட்டையடித்து ஊற்றித் தாச்சியில் புரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். மிஞ்சிய புட்டை இறைச்சிக்கறிச் சட்டிக்குள் போட்டுப் பிரட்டி, அடிப்பிடித்ததையும் சுரண்டித் தின்பவர்கள் நாங்கள். உலகம் முழுவதும் பழைய சாப்பாட்டை ஒரே மாதிரித்தான் மறைத்துப் பரிமாறுகிறது என்று அப்போது நினைத்தேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

கிழங்கையும் இறைச்சியையும் வெட்டுவது சின்யோராவின் வேலை. மேசையில் இருந்துகொண்டு, சின்னக் கத்தியால், கை நடுங்க நடுங்க வெட்டுவார். அடுப்படியில் நிற்பது நான். அவர் அடுப்பைத் தொடக்கூடாது என்பது மகளின் கட்டளை. ஒருமுறை இரவில் காஸைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரிதான் மணம் பிடித்து ஓடிவந்தாள். அதற்குப் பிறகு மகள் இன்னொன்றும் சொன்னார்: பிரிட்ஜில் கிடந்த பழசு எதுவும் அம்மாவுக்குக் கொடுக்கக்கூடாது, ஒவ்வொரு நாளும் புதிதாகச் சமைக்க வேண்டும். நான் தலையாட்டினேன். சின்யோரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பித்திபன்னா நாங்கள் இருவரும் மட்டும் அறிந்த விஷயமாக நடந்துவந்தது.

மறதி அவருக்கு இருந்தது, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். சில நாட்களில் என்னைக் கணவரின் பெயரால் கூப்பிடுவார். மகள் மிலானுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லமொன்றில் இடம் கேட்டு வைத்திருந்தார். இந்தமுறை வந்து நேரில் பார்த்து முடிவெடுப்பேன் என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். சின்யோராவுக்கும் அது தெரியும். "நான் இந்த வீட்டிலைதான் சாவன்" என்றார் ஒருநாள், பீற்றூட் போத்தலைத் திறந்தபடி. மகளின் வருகைக்காக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பித்திபன்னா செய்ய வேண்டும். சனிக்கிழமையே என்னைக்கொண்டு கிழங்கை அவிக்கவைத்து, வாட்டிய மாட்டிறைச்சியில் ஒரு துண்டையும் எடுத்து ஒரு கோப்பையில் மூடிவைத்தார்.

அன்றிரவு இதை என் மனிசியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் துள்ளி எழும்பினாள். "உங்களுக்கென்ன விசரே? அவ்வளவு தூரத்திலையிருந்து வாற பிள்ளைக்குப் பழசைச் சூடாக்கிக் குடுக்கிறதோ? எங்கடை ஆக்களைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?" அவள் சொன்னதில் எனக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. விருந்து வந்தால் புதுச் சட்டி அடுப்பில் ஏறும். பழையது பின்னால் போகும். அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். மகளின் கட்டளையும் அதுவாகவே இருந்தது.

ஞாயிறு காலை புதுக் கிழங்கும் புது இறைச்சியும் வாங்கிக்கொண்டு போனேன். சின்யோரா குளித்து உடுத்துக்கொண்டிருக்கும்போதே அவித்து, வெட்டி, பொரித்து முடித்தேன். அவருடைய கோப்பையைப் பிரிட்ஜின் அடித்தட்டில் பின்னுக்குத் தள்ளிவைத்தேன். சூட்டோடு வெட்டிய கிழங்கு தாச்சியில் ஒட்டிக் கொஞ்சம் குழைந்தது. பரவாயில்லை என்று முட்டையால் மூடினேன். மாட்டிறைச்சி நான் தின்பதில்லை என்பதால் ருசி பார்க்கவும் வழியில்லை.

அதை மேசையில் வாயில் வைத்தபோதுதான் சின்யோரா "இது அதில்லை" என்றார்.

"அம்மா, இது பித்திபன்னாதான். என்ரை சின்ன வயசிலை நீங்கள் செய்யிறதுதான்" என்றார் மகள்.

"இல்லை. என்ரை கிழங்கு எங்கை?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "தன்ரை சாப்பாட்டையே அவவுக்கு அடையாளம் தெரியேல்லை" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அந்த முதியோர் இல்லத்தோடுதான் கதைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பயம்தான். சொன்னால், இவ்வளவு காலமும் கட்டளையை மீறிப் பழசு கொடுத்தது வெளியே வரும், வேலை போகும், வேலை போனால் பெர்மெசோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிப்பது பெரும்பாடு. ஆனால் அந்த மேசையில் சரியாகச் சொன்னவர் ஒருவர்தான். அவரைத்தான் மறதிக்காரி ஆக்கிக்கொண்டிருந்தோம். பிரிட்ஜைத் திறந்து கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். "அம்மா சொல்லுறது சரி. இது அதில்லை. அவ வைச்ச கிழங்கு இஞ்சை கிடக்குது. நான் புதுசாச் சமைச்சுப்போட்டன்" என்றேன்.

"ஏன்?" என்றார் மகள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்கள் தூரத்திலையிருந்து வந்த விருந்தாளி. எங்கடை ஊரிலை விருந்தாளிக்குப் பழசு வைக்கமாட்டம்."

சின்யோரா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவள் விருந்தாளி இல்லை. என்ரை மகள்" என்றார்.

 மகள் எழும்பிப் போய், கத்தியை எடுத்துவந்து தாயின் பக்கத்தில் இருந்து கிழங்கை வெட்டத் தொடங்கினார். "இன்னும் சின்னனா" என்றார் சின்யோரா. மறுபடியும் "இன்னும் சின்னனா" என்றார். ஆறிய கிழங்கு தாச்சியில் ஒட்டாமல் மொறுமொறுத்தது. மகள் தட்டை வழித்துத் தின்றார். மிலானுக்குத் திரும்பும்போது என்னைத் திட்டவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. அந்த இல்லத்தின் பேச்சு மட்டும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு சின்யோரா நெடுங்காலம் அந்த வீட்டில் இருந்தார். இப்போது நான் வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன். அங்கே மிஞ்சியதெல்லாம் நேரே குப்பைக்குப் போகிறது. இத்தாலியின் வடக்கே வேலைக்குப் போயிருக்கும் என் மகன் லீவில் வந்தால், மனிசி விடியவே எழும்பிப் புதுச் சமையல் தொடங்கிவிடுவாள். அவனோ பிரிட்ஜைத் திறந்து நேற்றைய புட்டைத் தேடுவான். அவளுக்கு அது கோபம். எனக்கு நிம்மதி.

அந்த வருடங்களில் சின்யோராவின் மறதி தன்பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. முதலில் கத்தி கையை விட்டுப் போனது. பிறகு பெயர்கள் போயின. எதைக் கொடுத்தாலும் பேசாமல் சாப்பிட்டார். ஒரு குளிர்நாளில் எனக்கு மனம் கேட்கவில்லை. வேண்டுமென்றே புதுக் கிழங்கை அவித்து, சூட்டோடு வெட்டி, குழையக் குழையப் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் நின்று, அவர் "இது அதில்லை" என்பதைக் கேட்பதற்காகக் காத்திருந்தேன். சின்யோரா முழுவதையும் சாப்பிட்டார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, அறியாத வீட்டில் சாப்பிட்ட ஒருவரைப்போல, "நல்ல ருசி, உங்களுக்குக் கரைச்சல் தந்திட்டன்" என்று மரியாதையாகச் சொன்னார்.

மிலானுக்குத் தொலைபேசி எடுத்தது நான்தான். "என்ன நடந்தது, விழுந்திட்டாவோ?" என்று மகள் பதறினார். இல்லை, புதிதாகச் சமைத்துக் கொடுத்த பித்திபன்னாவை முழுக்கச் சாப்பிட்டார் என்றேன். "'இது அதில்லை' எண்டு சொல்லேல்லையோ?" என்று மகள் கேட்டதற்கு, இல்லை என்றேன். பிறகு, நாளைக்கே வருகிறேன் என்றார்.