அம்மா சொன்ன பெயர்

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் காலை பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பனிமூட்டத்தில் தேயிலை மலைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. எனக்கும் பாதித் தூக்கம். அம்மாவுக்கு மறதி நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளாக அடுத்த லய வரிசையில் யாரோ வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, கதவைத் திறக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறாள். வயசானால் இதெல்லாம் சகஜம் என்று நான் கண்டவர்களிடமெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் மிஸ்ஸி, நம் பக்கத்துப் பிள்ளைதான், அம்மாவை எதிரே உட்காரவைத்தாள். "ஒரு ஆளோட பேரும் ஊரும் சொல்றேங்க. மனசுல வச்சுக்கங்க, பொறகு கேப்பேன்," என்றாள். அவள் சொன்ன ஊர் கொட்டகலை, பெயர் அப்பாவின் பெயர். தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர், அவள் என்ன செய்வாள்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்கிற ஆளா அம்மா? அவள் வயதுப் பெண்கள் யாருமே சொல்லமாட்டார்கள். அம்மா அதிலும் ஒரு படி மேலே. அதே பெயருள்ள சாமியைக்கூட "மலைமேல இருக்கிறவரு" என்றுதான் கும்பிடுவாள். தோட்டத்து ஆபிஸில் கேட்டால் என்னை முழங்கையால் இடிப்பாள், நான்தான் சொல்லவேண்டும். அப்பா செத்த அன்று மாரடித்து அழுதபோதும் அந்தப் பெயர் வரவில்லை.

மிஸ்ஸி கடிகாரம் வரையச் சொன்னாள். அம்மா மெதுவாக வட்டம் போட்டு, உள்ளே பூ மாதிரி எதையோ வரைந்தாள். ஜன்னலை மூடிய பனியில் அறையே மிதப்பதுபோலிருந்தது. பெயரைக் கேட்டதும் அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்துவாள், நான் காரணம் சொல்வேன், எல்லோரும் சிரிப்போம், அவளுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போவோம். அப்படியே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

"அம்மா, நான் சொன்ன ஆளு பேரு என்னங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுசாக, தெளிவாக, பஸ்ஸில் பார்த்த யாரோ ஒருவருடைய பெயரைப்போல. கொட்டகலை என்று ஊரையும் சேர்த்துச் சொன்னாள்.

"ரொம்பச் சரிங்கம்மா!" மிஸ்ஸிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அடக்கமுடியாமல் அழுதுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி அழுவுற? சரின்னுதானே மிஸ்ஸி சொல்லுது."