ஐஸ் பக்டரி ஹோட்டல் திறந்த நாள்

எங்கள் ஐஸ் பக்டரியில் மீன் படுத்த இடத்தில் இனி மனிதர் படுக்கப்போகிறார்கள் என்ற செய்தியை ஊருக்குள் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். முதலில் ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கட்டடத்தின் நிலத்தில் எத்தனை தலைமுறைப் பாரையும் சூரையும் குடல் கிழிந்து கிடந்தன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே மெத்தை போட்டுப் படுக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றால், ஒன்றில் மாமாவுக்கு விசர், அல்லது வெளிநாட்டாருக்கு விசர் என்று ஊர் முடிவு செய்தது.

மன்னார் தீவின் தெற்குக் கரையில், கடலுக்கு முகம் கொடுத்து நிற்கும் கட்டடம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. மாமா மீசை அரும்பும் வயதில் அங்கே மிசின் பார்க்கும் வேலைக்குப் போனவர். அமோனியா என்ற வாயுவை இறுக்கிக் குளிராக்கி, உப்புத்தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடவிட்டால், தொட்டியில் இறக்கிய தகரப் பெட்டிகளில் தண்ணீர் ஐஸ் கட்டியாக உறையும். அந்த வாயு வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். மாமா வேலை செய்த காலம் முழுவதும் ஒரு மூச்சு வாயுகூட வெளியே வந்ததில்லை. அதை அவர் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மட்டும் மறுக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சண்டை வந்து, கடலுக்குப் போகத் தடை வந்து, பக்டரி நின்றது. கடைசி நாளில் ஊரே சாமான்களைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓட, மாமா மட்டும் பின்னால் நின்று ஒவ்வொரு வால்வாக இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் வள்ளம் ஏறினாராம். அதன்பின் கட்டடத்துக்குள் ஆமி இருந்தது. ஆமி இருந்தபடியால் பழைய இரும்புக்காரர் கிட்டப் போகவில்லை. அப்படித்தான் அந்த மிசின் மாமாவைப் போலவே எல்லாவற்றுக்கும் தப்பி, சண்டை முடியும்வரை இருந்தது.

கொழும்பு முதலாளி வந்து கட்டடத்தை எடுத்தபோது எனக்கு எட்டு வயது. தொட்டி இருந்த இடம் நீச்சல் குளமானது. கட்டி உடைக்கும் அறைகள் படுக்கையறைகளாயின. மீன் பிரித்த சீமெந்து நிலத்தை மினுக்கிச் சாப்பாட்டு மண்டபமாக்கினார்கள். மிசினை மட்டும் நடு மண்டபத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய சாமான் என்றால் வருகிறவர்களுக்கு விருப்பமாம். மிசினைப் பற்றி விருந்தினருக்குச் சொல்வதற்கு மாமாவை வேலைக்கு எடுத்தார்கள். காக்கிக் காற்சட்டையும் தொப்பியும் தைத்துக் கொடுத்து, பழைய காலத்துத் தொழிலாளி இப்படித்தான் இருந்தான் என்றார்கள். பக்டரி ஓடிய காலத்தில் மாமா சாரத்தைத் தவிர வேறெதுவும் உடுத்ததில்லை. ஆனாலும் காற்சட்டையை மாட்டிக்கொண்டார். மிசினுக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைத்ததே அவருக்குப் போதும்.

வேலைகள் நடக்கும்போதே அவர், மிசினின் அடியில் அமோனியா அடைத்த இரும்பு உருளையைக் காட்டி, கட்டட வேலை எடுத்த கொந்தராத்துக்காரரிடம் சொல்லியிருந்தார்.

"கீழ உருளைக்குள்ள இன்னும் காஸ் இருக்குத் தம்பி. தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிட்டு எடுப்பியுங்கோ."

இத்தனை வருடமாகவா இருக்கும் என்று கொந்தராத்துக்காரர் சிரித்தார். மாமா பூட்டினால் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மனேஜரிடமும் சொன்னார். திறப்புவிழா முடியட்டும், பார்ப்போம் என்றார் மனேஜர். மாமா ஒருவருக்கும் சொல்லாமல் போய், உருளையின் வால்வைத் திருப்பும் சக்கரத்தைக் கழற்றிக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டார். சக்கரம் இல்லாமல் யாரும் திறக்க முடியாது.

திறப்புவிழா ஒரு சோளகக் காலத்துப் பின்னேரம். கடலிலிருந்து காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. விருந்தினருக்குப் பூக் கொடுக்க ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். மாமாவின் மருமகள் என்பதால் நானும் ஒருத்தி. மாமாவை அன்று வாசலில் நிற்கவைத்து வருகிறவர்களுக்குக் கும்பிடு போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கழுதைகள் உள்ளே வராமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

எங்கள் மாதா கோவில் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். பிறகு எல்லோரும் பேச்சுக் கேட்கக் குளக்கரைப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. மண்டபத்தில் தனியாக நின்று மிசினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கீழே உருளையில் ஒரு சிவப்புச் சக்கரம் பளபளத்தது. சக்கரம் இல்லாத மிசின் படம் பிடிக்க வடிவாயில்லை என்று, அன்று காலையில் யாரோ களஞ்சிய அறையிலிருந்து எடுத்து, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு தெரிந்தது. மாமாவுக்கும் பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஒரு சிறுமி உள்ளே வந்தாள். கொழும்பிலிருந்து வந்த விருந்தினரின் மகள். என் வயதுதான் இருக்கும், ரோஸ் நிறச் சட்டை. மிசினைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "எங்கட மாமான்ர மிசின்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். அந்தத் தோள்குலுக்கல் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிசினுக்குப் பின்பக்கம் போனேன். மாமா ஆயிரம் தரம் சொல்லியிருந்தார், "உதில கை வைக்கக்கூடாது பிள்ளை" என்று. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. காலை உருளையில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். பிறகு இலகுவாகச் சுழன்றது.

சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. முதலில் கழுதைகள் மூத்திரம் பெய்யும் மதில் ஓரத்து மணம். அடுத்த மூச்சில் மணமே இல்லை, நெருப்புத்தான். கண் திறக்க முடியவில்லை. தொண்டைக்குள் யாரோ மிளகாய்த் தூளைக் கொட்டிக் கையாலும் பொத்தியதுபோல இருந்தது. சிறுமி கத்தினாள். பிறகு கத்தவும் முடியாமல் இருமினாள். எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் மிசின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தோடு குந்தினேன்.

வெளியே கூச்சல் கேட்டது. ஆட்கள் றோட்டுப் பக்கம் ஓடுகிறார்கள். காற்றும் அந்தப் பக்கம்தான் போகிறது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே மாமாவின் குரல் கேட்டது.

"றோட்டுக்குப் போகாதையுங்கோ! கடற்பக்கம் ஓடுங்கோ! காத்துக்கு எதிர ஓடுங்கோ!"

பிறகு ஒரு பெண் அலறும் சத்தம். தன் பிள்ளையைக் காணவில்லை என்று அழுகிறாள். எனக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் அது விளங்கியது.

எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. குளிர்ந்த ஈரத்துணி ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. சாப்பாட்டு மேசை விரிப்பைக் குளத்தில் தோய்த்துக்கொண்டு மாமா வந்திருந்தார். தலையிலும் வாயிலும் இன்னொன்றைச் சுற்றியிருந்தார். "மூச்சை விடாத, மூச்சை விடாத" என்று என் காதுக்குள் சொன்னார். எங்கள் இருவரையும் இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் தவழ்ந்தார். முன்னைய காலத்தில் ஐஸ் கட்டிகளைக் கரைக்குத் தள்ளிவிடும் சிறிய வாசல் ஒன்று சுவரின் அடியில் இருந்தது. அதைப் பலகை அடித்து மூடி, மேலே படம் மாட்டியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே மாமா அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். காலால் உதைத்தார். மூன்றாவது உதையில் பலகை பறந்தது. சோளகக் காற்று உள்ளே பாய்ந்தது. முதலில் அந்தச் சிறுமியைத் தள்ளினார், அடுத்து என்னை. ஐஸ் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய் மணலில் விழுந்தோம்.

மாமா வரவில்லை. திரும்பி மிசினிடம் போய்விட்டார்.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு "மாமா, மாமா" என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை. உள்ளே சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றது. அது நின்றபின்னும் அவர் வரவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்த நேரம். கடைசியில் அந்தச் சின்ன வாசலால் முதலில் ஒரு கை வந்தது, அதன் பின்னால் தொப்பியில்லாத தலை.

கடற்கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். செய்தி கேட்டு அம்மா வெறுங்காலோடு ஓடிவந்து என் முகத்தைக் கடல் தண்ணீரால் கழுவினாள். சிறுமியின் தாய் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பத்துப் பதினைந்து பேர் இருமி வாந்தி எடுத்தாலும், உயிருக்கு ஒருவருக்கும் ஆபத்தில்லை. மனேஜர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து நின்றார்.

"யார் அதைத் திறந்தது?" என்று தமிழில் கேட்டார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

சிறுமி தாயின் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். மெல்லக் கையை உயர்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினாள். இருமல் குறுக்கே வந்தது. தாய் குனிந்து காது கொடுத்தாள். அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நான்தான் சேர் திறந்தனான்."

மாமா மணலில் இருந்தபடி சொன்னார். கண்கள் இரண்டும் மூடி, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மனேஜர் நம்பாமல் பார்த்தார். "உள்ளே காஸ் இருக்கு என்று சொன்னதே நீங்கள்தானே?"

"ஓம் சேர். பேச்சு முடிஞ்சு வாற ஆக்களுக்கு ஓட்டிக் காட்டுவம் எண்டு ஒரு ஆசையில வாசலை விட்டு உள்ள போனனான். பிழை என்ரதான். பிள்ளையள் சும்மா பாத்துக்கொண்டு நிண்டதுகள்."

அதற்குப் பிறகு சிறுமி சொன்னதை யாரும் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாய் திறந்தாள். "பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார் மாமா. அவர் அம்மாவை அதட்டிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பெரியவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆகவே நான் திறந்தது ஒன்று, மாமா திறந்தது வேறொன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் திறந்ததால் கொஞ்சப் புகை வந்திருக்கும். மற்றதெல்லாம் மாமாவின் பிழை. அந்த வருடம் கோவிலில் முதல்நன்மை வாங்குவதற்கு முன், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், தொடக்கூடாத சாமானைத் தொட்டேன் என்று மட்டும் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார் சாமியார். நாலு சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

மாமாவுக்கு இடது கண்ணில் பூ விழுந்தது. ஹோட்டல் வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். அந்த உருளையைத் தெரிந்த ஆட்களைக் கொண்டு வெறுமையாக்கி, இரண்டு மாதத்தில் மறுபடியும் திறந்தார்கள். மாமா கரைக்குப் போய் வள்ள எஞ்சின் திருத்தும் வேலை கேட்டார். ஒருவரும் கோபமாகப் பேசவில்லை. பகிடியாகத்தான் வேண்டாம் என்றார்கள். ஊரில் அவருக்குப் புதுப் பெயரும் வந்துவிட்டது: காஸ் அண்ணை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது புது எஞ்சின் வாங்கிய ஒரு இளந்தாரியிடம் மாமா போனார்.

"ஒருக்காப் பாத்துத் தரட்டோ தம்பி?"

"ஐயோ வேண்டாம் காஸ் அண்ணை! நீங்கள் எதையாவது திறந்துவிட, நாங்கள் பூசைச் சட்டையோட கடலுக்க ஓடவேணும்!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் என் கையை நோகும்படி இறுக்கினாள். ஏன் இறுக்குகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பகிடி நல்லாக இருந்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. மாமா திரும்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அவரும் சிரித்தார். அவருக்கும் அது பகிடியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.