செல்லோடேப் ஒட்டிய கேசட்

லொரெய்ன் ஹெஸ்கெத்திடம் இந்தக் காலத்துப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தவர்கள் இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் யாரும் நிம்மதியாக டீ குடித்ததில்லை. "இப்ப என்ன, விரலால தொட்டா எந்தப் பாட்டும் கொட்டுது. அதுக்குப் பேரு பாட்டா? குழாய்த் தண்ணி!" என்று ஆரம்பிப்பாள். முடிக்க மாட்டாள். அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள். ஒருத்தனைக் கட்டினாள், சரிப்பட்டு வராமல் விட்டாள். அவள் விடாமல் வைத்திருந்தது கட்டிலுக்கு அடியில் இருந்த கேசட்டுகளைத்தான்.

அந்தக் கேசட்டுகளை அவள் கடையில் வாங்கவில்லை. பிடித்தாள். ஞாயிறு மாலை ரேடியோவில் அந்த வாரம் அதிகம் விற்ற நாற்பது பாட்டுகளைக் கீழிருந்து மேலாகப் போடுவார்கள். நாடு முழுக்க அவள் வயசுப் பிள்ளைகள் ரெக்கார்டர் முன்னால் குப்புறப் படுத்திருப்பார்கள், பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானில் விரலை வைத்தபடி. அறிவிப்பாளன் வாயை மூடும் நொடியில் விரலை எடுக்க வேண்டும், அவன் திரும்ப வாயைத் திறப்பதற்குள் அமுக்க வேண்டும். அம்மா டப்பாப் பீச் பழத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்துவாள். யார் எழுந்து போவார்கள்? தெருவிலேயே அறிவிப்பாளனின் இருமல்கூட விழாத கேசட் லொரெய்னுடையதுதான். அந்தப் பெருமை அவளுக்கு இன்னும் போகவில்லை.

இப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் க்ளைவ் போன் பண்ணியதிலிருந்து மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

"வியாழக்கிழமை ஆபரேஷன்," என்றான் க்ளைவ். குரல் ஏற்கெனவே கரகரவென்று கிடந்தது. "குரல்வளையையே எடுத்துடறாங்களாம். அப்புறம் நான் எழுதித்தான் காட்டணும். அதுக்குள்ள ஒரு தடவை நான் பாடினதைக் கேக்கணும், லொரெய்ன். அந்தக் கேசட்டைக் கொண்டா."

அந்தக் கேசட். எண்பத்தொன்றில் க்ளைவுக்கு இருபத்திரண்டு வயது. 'கோல்ட் டீ', அதாவது ஆறிப்போன டீ, என்று நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. உள்ளூர் ரேடியோ அவர்கள் பாட்டை ஒரே ஒரு முறை போட்டது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நடந்து போகிறவனின் பாட்டு. லொரெய்ன் அதைச் சுத்தமாகப் பிடித்து, கேசட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டையும் உடைத்து எறிந்தாள். அதை உடைத்துவிட்டால், அந்தப் பள்ளத்தை மூடி ஒட்டினாலொழிய மேலே எதையும் பதிய முடியாது. அடுத்த வசந்தத்தில் குழு கலைந்தது. க்ளைவ் கிட்டாரை விற்றுவிட்டு பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். அவன் பாடியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கேசட்தான்.

நாற்பது வருஷமாக அவன் கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்கு" என்றாள். ஒருமுறை "மெஷின் ரிப்பேர்" என்றாள். பாவி, பச்சைப் பொய்!

புதன்கிழமை மத்தியானம் பழைய ரெக்கார்டரையும் அந்தக் கேசட்டையும் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். க்ளைவ் சவரம் பண்ணி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வரவில்லை. கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

டிங் டிங் என்று மின்சார மேளம். முகத்தில் பவுடர் பூசின லண்டன் பையன்கள் நாலு பேர் உருகி உருகிப் பாடினார்கள்.

க்ளைவ் முதலில் சிரித்தான். "வேற கேசட்டைப் போட்டுட்டே."

"இல்ல."

அவன் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முதுகுப் பள்ளத்தின் மேல் மஞ்சளாகிப் போன செல்லோடேப் துண்டு ஒன்று, தொட்டதும் உதிர்ந்து அவன் மடியில் விழுந்தது.

"மேல ஒட்டியிருக்கே. ஒட்டிப் பதிஞ்சிருக்கே," என்றான் மெதுவாக.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, க்ளைவ். வெறும் கேசட் தீர்ந்துபோச்சு, கடையும் திறக்காது. முதல் இடத்துப் பாட்டைச் சொல்லப் போறான்..."

"இந்த மூஞ்சிப் பவுடர் பயலுகளுக்காகவா என்னை அழிச்சே? நான் இவனுங்களை எப்படித் திட்டுவேன்னு தெரியும்ல உனக்கு? நாற்பது வருஷம் என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னியே, வெக்கமா இல்ல?"

"ரேடியோவுல நீ திரும்ப வருவேன்னு நினைச்சேன்!" லொரெய்ன் உடைந்து அழுதாள். "ஒரு தடவை போட்டவன் வாராவாரம் போடுவான்னு நினைச்சேன். நீ முதல் இடத்துக்கு வருவே, அப்ப இதைவிட நல்லாப் பிடிச்சுக்கலாம்னு இருந்தேன். சத்தியமா அப்படித்தான் நம்பினேன், க்ளைவ்."

க்ளைவ் எழுந்து சமையலறைக்குப் போனான். கெட்டில் கொதித்து அணைந்தது, டீ வரவில்லை. அவனுக்குப் பாதிக்கு மேல் கோபம். மீதி என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் கேசட்டை மறுபடி உள்ளே போட்டு ஓடவிட்டாள். லண்டன் பையன்கள் பாடி முடித்தார்கள். டொக் என்று ஒரு சத்தம். அதன் பின்னால், அவள் பதியாமல் விட்ட, வெட்கத்தில் இத்தனை வருஷம் ஓட்டியே பார்க்காத மிச்சத்தில், மழையில் நடந்து போகிறவனின் கடைசி இரண்டு வரிகள். இருபத்திரண்டு வயதுக் குரல், கணீரென்று.

க்ளைவ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னொரு தடவை போடு," என்றான். போட்டாள். டேப் எவ்வளவு சுற்றியது என்று காட்ட ரெக்கார்டரில் ஓடும் எண்ணைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலில் அவன் குரல் ஆரம்பித்தது.

அவன் உள்ளே போய், கிறிஸ்துமஸ் பரிசு சுற்றும் சாமான்கள் கிடந்த இழுப்பறையைக் குடைந்து, செல்லோடேப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான்.

"ஒட்டு."

"எதுக்கு?"

"அந்தப் பயலுக மேல நான் பாடப் போறேன். என் பாட்டு இருந்த இடம் அது."

"ஐயோ வேண்டாம்! ஒரு நொடி தப்பினாலும் அந்த ரெண்டு வரியும் போயிடும்."

"தெருவிலேயே உன் விரல்தான் விரல்னு பீத்திக்குவியே. இப்ப காட்டு."

அவள் ஒட்டினாள். இரண்டு முறை கோணலாகப் போய்ப் பிய்த்து ஒட்டினாள். லண்டன் பையன்களின் பாட்டு ஆரம்பிக்கும் இடத்துக்குச் சுற்றி, பதிவுப் பொத்தானை அமுக்கினாள். க்ளைவ் முழங்காலில் தாளம் தட்டிப் பாடினான். பாடினான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். இரண்டாம் சரணம் அவனுக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை, வாயசைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இருநூற்று ஐந்தில் இருமல் வந்து நின்றது. இருநூற்று ஒன்பதில் மறுபடி பிடித்தான். கடைசி இரண்டு வரி தவிர மிச்சத்தை ஓட்டமாகப் பாடினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, எண்ணைத்தான் பார்த்தாள். இருநூற்றுப் பதிமூன்று நகர்ந்துகொண்டிருந்தபோது நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள்.

சுற்றிவிட்டுக் கேட்டார்கள். கிழவனின் தகரக் குரல், நடுவே இருமல், அப்புறம் லண்டன் பையன்களின் மேளம் ஒரே ஒரு டிங். அதன் பிறகு இருபத்திரண்டு வயதுப் பையன் கடைசி வரிகளை வாங்கிக்கொண்டு பாடி முடித்தான். லொரெய்ன் முந்தானை இல்லாத குறைக்குக் கம்பளிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டிங்கை விட்டுட்டியே," என்றான் க்ளைவ்.

"வயசாச்சுல்ல."

அவன் கேசட்டை எடுத்து, புது செல்லோடேப்பை நகத்தால் கிள்ளிப் பிய்த்து, உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, பழக்கத்தில் கேசட்டுக்கும் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். உன்னை நம்ப முடியாது, லொரெய்ன்."

தன் சொந்தக் குரலில் அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.