செத்தவீட்டு வீடியோவில கிற்றார்

லண்டனில ஒரு பெரிய ரொக் பாண்டில கிற்றார் வாசிக்கிறன். அவையளோட ஊரூராய்த் திரிஞ்சதால அப்பாவின்ர செத்தவீட்டுக்கு வரேலாமப் போச்சு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் எங்கட ஊர் நாரந்தனைக்கு வந்தனான்.

இண்டைக்கு வீடியோக் கடையில செத்தவீட்டு வீடியோவைப் போட்டுக் காட்டிச்சினம்.

அப்பாவின்ர பெட்டியைத் தூக்கேக்க பின்னால ஒரு கிற்றார் அழுதுது.

கடைக்கார அண்ணை சொன்னார்: "எல்லாச் செத்தவீட்டுக்கும் இதைத்தான் போடுறனாங்கள். ஆர் வாசிச்சதெண்டு தெரியாது."

நான்தான்.

கொழும்பு ஸ்டூடியோவில கூப்பிட்டவைக்கெல்லாம் பேரில்லாமல் வாசிச்சுக் குடுத்த காலத்தில, ஒரு காப்புறுதி விளம்பரத்துக்கு வாசிச்சது. அதைக் கேட்டுத்தான் என்ர முதல் பாண்ட்காரர் என்னைக் கூப்பிட்டவை. அப்பிடியே லண்டன் வரைக்கும் போயிட்டன்.

"தம்பி, நீர் செத்தவீட்டுக்கு வந்தனீரோ?" எண்டார் அண்ணை.

ஓம் எண்டுறதோ, இல்லை எண்டுறதோ? நீங்களே சொல்லுங்கோ.